புத்தாண்டுச் சீட்டும் மார்கழிச் சாவியும்

அன்று அலுவலகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாளி, நாங்கள் மேடம் என்று கூப்பிடுகிறவர். நோட்டீஸ், பேனர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வடிவமைக்கும் பெண். எங்கள் டிசைனர் இவர்தான், சேலத்திலிருந்து வந்து பருத்திப்பட்டில் தோழிகளோடு தங்கியிருந்தவர். வேலை இருக்கும் நாளில் மட்டும் வரும் போட்டோகிராபர். இவர் அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்து ஐம்பதைத் தாண்டியவர். நான்காவது ஆள் நான். வேறு யாரும் இல்லை. டீ கொண்டுவந்தவர்கூடக் கிளாஸ்களை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. அன்று எழுதப்பட்ட சீட்டுகள் நான்கு. அதில் ஒன்றை யார் எழுதியது என்று மேடம் கேட்டபோது, பழியைப் போட எனக்கு ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லை.

எங்கள் அலுவலகம் அம்பத்தூரில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேல்மாடி. மக்கள் தொடர்பு, விளம்பரம் என்று பலகையில் எழுதியிருக்கும். கடைத் திறப்பு, பள்ளி ஆண்டுவிழா, பல் மருத்துவரின் இலவச முகாம் என்று இந்தப் பக்கத்தில் எது நடந்தாலும் அதை நாலு பேருக்குத் தெரியவைப்பது எங்கள் பிழைப்பு. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கே சேர்ந்த புதிதில், செய்திக்குறிப்பு வைத்த கவர்களைப் பத்திரிகை அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என் வேலை. கவருக்குள் சரியான காகிதம்தான் இருக்கிறதா என்ற பயத்தில் வழியிலேயே பிரித்துப் பிரித்துப் படித்தேன். படித்துப் படித்து எழுதவும் வந்துவிட்டது. இப்போது நாற்பத்தொரு வயது. நோட்டீஸ் வாசகம், செய்திக்குறிப்பு எல்லாம் நான்தான் எழுதுகிறேன். பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வருடத்தின் முதல் வேலைநாளில் எங்கள் அலுவலகத்தில் ஒரு சடங்கு உண்டு. அவரவர் புத்தாண்டுத் தீர்மானத்தை அவரவர் எழுதக் கூடாது. பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். யார் பெயர் வருகிறதோ அவருக்கு நாம் தீர்மானம் எழுத வேண்டும். மேடம் கொண்டுவந்த முறை இது. “விளம்பரக்காரன்கிட்ட அவனப் பத்தி அவனையே எழுதச் சொன்னா உண்மை வருமா?” என்பார்.

எழுதிய சீட்டுகளை மேடமே ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். முதலில் போட்டோகிராபருக்கு வந்தது. “‘வீட்டில் இருந்துகொண்டே வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன்.’”

“அநியாயம் மேடம் இது!” என்று அவர் எழுந்துவிட்டார். “நான் ஊட்ட உட்டு எறங்குனப்புறந்தான் ‘வந்துகினே கீறேன்’னு சொல்றது.”

“அண்ணா, பின்னாடி உங்க ஊட்டு டிவி ஓடுற சத்தம் எங்களுக்குக் கேக்கும்” என்றார் டிசைனர்.

டிசைனருக்கு வந்தது: எல்லா நோட்டீசிலும் தங்கக் கலரைக் கொட்ட மாட்டேன். “கேக்குறது கஸ்டமர், திட்டு எனக்கா?” என்று அவர் சிணுங்கினார். மூன்றாவது எனக்கு. “‘ஒரு விஷயத்துக்கு ஒருவருக்கு ஒரு தடவைதான் போன் செய்வேன்.’”

மூன்று பேரும் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வராத குறை. போன வருடம் பூந்தமல்லியில் ஒரு துணிக்கடைத் திறப்புக்காக நாதஸ்வரக்காரருக்கு நான் பன்னிரண்டு தடவை போன் செய்தது உண்மைதான். பன்னிரண்டாவது தடவை அவர் போனை எடுத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, நாதஸ்வரத்தை எடுத்து வாசித்துக் காட்டிவிட்டு வைத்துவிட்டார். ஆனால் அவர் நேரத்துக்கு வந்தாரே. அது யார் கண்ணிலும் படுவதில்லை.

கடைசிச் சீட்டு மேடத்துக்கு. படித்ததும் அவர் சிரிப்பு நின்றது. பிறகு சத்தமாகப் படித்தார். “‘நடக்காததை நடந்ததாக எழுதச் சொல்ல மாட்டேன்.’ யாருப்பா இத எழுதினது?”

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா நைனா, உன் மூஞ்சியே காட்டிக் குடுக்குது” என்றார் போட்டோகிராபர்.

அந்தச் சீட்டின் பின்னால் எங்கள் தொழிலின் பழக்கம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விழா என்றால் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கே ‘விழா சிறப்பாக நடைபெற்றது’ என்று செய்தி போய்விடும். ஞாயிறு அன்று பத்திரிகைகளில் ஆள் குறைவு, பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள், முன்னால் கொடுத்து வைத்தால்தான் திங்களன்று வரும். படமும் அப்படித்தான். ரிப்பன் வெட்டுவதை முதல் நாளே ஒரு தடவை படம் பிடித்துக்கொண்டு, மறுநாள் வேறு ரிப்பன் கட்டுவோம். ‘திரளான பொதுமக்கள் கலந்துகொண்டனர்’ என்று நாற்காலிகூட வராத மைதானத்தில் உட்கார்ந்து நான் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு மறுநாள் விழா முடியும்வரை வானத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பேன். மழை வந்தால்? தலைமை தாங்குகிறவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால்? கூட்டம் திரளவில்லை என்றால்?

மேடம் சீட்டை மடித்தார். “நல்ல தீர்மானந்தான். ஆனா அடுத்த வாரத்துலேருந்து வச்சுக்கலாம். இந்த ஞாயித்துக்கெழம நூம்பல் இருக்கு.”

நூம்பல் பூந்தமல்லிக்குப் பக்கத்து ஊர். அங்கே ஒரு பில்டர் அறுபத்து நான்கு வீடுகள் கொண்ட அடுக்குமாடி கட்டி முடித்திருந்தார். வீடு வாங்கியவர்களுக்குச் சாவி கொடுக்கும் விழா எங்களிடம் வந்திருந்தது. இந்த ஒரு விழாவைச் செய்து காட்டுங்கள், பிடித்திருந்தால் வருடம் முழுக்க என் வேலை உங்களுக்கு என்று சொல்லியிருந்தார். முந்தைய வருடம் எங்களுக்கு மோசம். மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இது கைக்கு வந்தா நாலு பேரும் நிப்போம். வரலேன்னா தை மாசத்துக்கு மேல நாலு பேர வச்சுக் காப்பாத்த என்னால முடியாது” என்றார். யார் போக வேண்டியிருக்கும் என்று சொல்லவில்லை. மேடம் இல்லாமல் அலுவலகம் இல்லை. டிசைன் தெரிந்தவர் ஒருவர்தான். போட்டோகிராபருக்கு நாள் கணக்குச் சம்பளம். மீதி யார் என்று கணக்குப் போட ஒன்பதாம் வகுப்பு போதும். இந்த வயதில், சான்றிதழ் என்று காட்ட ஒரு காகிதம் இல்லாதவனை எழுத்து வேலைக்கு யார் கூப்பிடுவார்கள்?

போதாததற்கு, அந்த விழாவின் வாசகமே நான் எழுதியது. ‘புத்தாண்டில் புது வீடு!’ பில்டருக்கு மிகவும் பிடித்துப்போய், அதற்காகவே வருடத்தின் முதல் ஞாயிறில் விழாவை வைத்தார். பேனர் அடித்தாகிவிட்டது. செய்திக்குறிப்பும் தயார். ‘அறுபத்து நான்கு குடும்பத்தினர் கண்ணீர் மல்கத் தங்கள் கனவு இல்லத்தின் சாவியைப் பெற்றுக்கொண்டனர்.’ கண்ணீர் மல்க என்பது என் கைவண்ணம்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குப் படம் எடுக்க வேண்டும். முதல் சாவி வாங்கப்போவது ஆவடியில் படைக்கலத் தொழிற்சாலை குவார்ட்டர்சில் இருக்கும் ஒரு குடும்பம். கணவருக்கு வியாழக்கிழமையே போன் செய்திருந்தேன். “வர்றோம் சார், கண்டிப்பா வர்றோம்” என்றார். வழக்கமான நான் வெள்ளிக்கிழமை நாலு தடவை கேட்டிருப்பேன். சீட்டு தடுத்துவிட்டது. வெள்ளி இரவு தூக்கமே இல்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். சனிக்கிழமை காலையில் ஒரு யோசனை வந்தது. போன் செய்யக் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறது, நேரில் போகக் கூடாது என்று இல்லையே. வண்டியை எடுத்துக்கொண்டு ஆவடிக்குப் போனேன்.

கணவர் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். அவருடைய மனைவிதான் இருந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். வாசல் முழுக்கக் கோலம், நடுவில் பூசணிப்பூ. மிதித்துவிடக் கூடாதே என்று வண்டியை ஓரமாக நிறுத்தினேன். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்.

“அக்கா, மத்தியானம் ரெண்டு மணிக்கு நூம்பல்ல போட்டோ. வண்டி அனுப்பட்டுமா?”

“போட்டோதானே தம்பி, வந்துட்டாப் போகுது.”

“நீங்களும் அண்ணனும் சாவி வாங்குற மாதிரி.”

“சாவியா? அது வாங்க மாட்டோமே.”

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். “ஏங்க்கா?”

“மார்கழியில யாராச்சும் புது வீட்டுச் சாவியக் கையில வாங்குவாகளா? ஒங்க வீட்ல பெரியவுக யாரும் சொல்லித் தரலையா?”

நான் வாசலைப் பார்த்தேன். பூசணிப்பூவும் என்னைப் பார்த்தது. இரண்டு வாரமாக அம்பத்தூரிலிருந்து மாங்காடு வரைக்கும் வாசலுக்கு வாசல் கோலத்தைச் சுற்றித்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். விடிகாலையில் ஒலிபெருக்கி எழுப்பிவிடுகிறது என்று அலுத்துக்கொண்டவனும் நான்தான். புத்தாண்டு என்று எழுதியபோது அந்த மாதத்துக்கு இன்னொரு பெயர் இருப்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

“அண்ணன் வர்றோம்னு சொன்னாரேக்கா.”

“வருவோம். மதிச்சுக் கூப்பிட்டிருக்காக, வராம இருந்தா மரியாதையா? வருவோம், ஒக்காருவோம், டிபன் போட்டாச் சாப்பிடுவோம். சாவிய நீட்டுனா, தை பொறக்கட்டும்னு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துருவோம். எல்லாரும் அப்படித்தான்.”

“எல்லாரும்னா?”

“அறுபத்துநாலு வீடும்தான்” என்று போனை எடுத்துக் காட்டினார். வீடு வாங்கியவர்கள் தங்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர், ‘இந்த மாசம் சாவி வாங்கினா என் மாமியார் என்னை வெளியே வச்சுப் பூட்டிடுவாங்க’ என்று எழுதியிருந்தார். மார்கழி பார்க்காத வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள்கூட, எல்லாரும் வாங்கும்போது சேர்ந்தே வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குக் கீழே டிபன் என்னவாக இருக்கும் என்பதைப் பற்றி ஒரு நீண்ட விவாதம்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். நாலு மணிக்குக் கண்ணீர் மல்கச் சாவி வாங்கிவிடுவார்கள், செய்தியில். மறுநாள் மேடையில் பில்டர் சாவியை நீட்டிக்கொண்டு நிற்பார். எதிரே அறுபத்து நான்கு கும்பிடு. அதை ஆளாளுக்குப் போனில் படம் எடுப்பார்கள். திங்கட்கிழமை பத்திரிகையில் வேறு கதை வரும்.

“வீடு எப்படி வந்திருக்குக்கா? புடிச்சிருக்கா?” என்று கேட்டேன்.

“எங்க தம்பி உள்ள விட்டாக! வேல நடக்குது, வேல நடக்குதுன்னு கீழயே நிப்பாட்டிருவாக. மூணு மாசமாச்சு உள்ள பாத்து. சமையக்கட்டுச் செவுத்துல ஈரம் ஊறுதுன்னு பேசிக்கிறாக. அதக் கண்ணால பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

தூக்கம் வராத இன்னொரு ஆளைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. “பாக்குறதுக்கு மார்கழி குறுக்க வருமாக்கா?”

“பாக்குறதுக்கு என்ன? தாராளமாப் பாக்கலாம். வாங்குறதுதான் ஆகாது.”

அம்பத்தூர் திரும்பும் வழி முழுக்க அந்த வார்த்தைதான் மண்டைக்குள் ஓடியது. அலுவலகத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். பிறகு போட்டோகிராபர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

“மாமே, ஒரு கல்யாணம் புக் ஆவல, ஒரு காதுகுத்து புக் ஆவல, அதனாலதான் நான் இந்த ஞாயித்துக்கெழம சும்மா கீறேன். எனக்கே தோணலியே!”

டிசைனர் மெல்லிய குரலில், “என் நிச்சயதார்த்தத்தையே மார்கழின்னுதான் தைக்குத் தள்ளி வச்சிருக்காங்க” என்றார். ‘புத்தாண்டில் புது வீடு’ என்று தங்கக் கலரில் எழுதியது அவர்தான்.

மேடம் சிரிக்கவில்லை. மணி பதினொன்றரை. “இப்ப இன்னா பண்றது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இத்தனை வருடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறார். என்ன செய்வது என்று கேட்டதில்லை.

“சாவி வேணாம் மேடம். சாக்பீஸ் குடுப்போம்” என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே புரிந்தது. “அவங்கவங்க வீட்டுக்குள்ள அவங்கவங்க போயி, எங்க விரிசல், எங்க ஈரம்னு அவங்களே செவுத்துல போட்டுக் காட்டட்டும். தைக்குள்ள சரி பண்ணி, முதல் முகூர்த்தத்துல சாவி.”

மேடம் கைப்பையை எடுத்தார். “வா. பில்டர்கிட்ட நீயே சொல்லு.”

பில்டர் நூம்பலில் பந்தல் போடுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், வெள்ளைச் சட்டை, எதையும் இரண்டு தடவை கேட்கப் பிடிக்காதவர். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சிவந்தது.

“நான் என்ன கிரகப்பிரவேசமா பண்ணச் சொன்னேன்? சாவிதானே குடுக்கறேன். அதுல என்ன மார்கழி?”

நான் கேட்டேன். “சார், நீங்க குடியிருக்கிற வீட்டுக்கு எந்த மாசம் சார் சாவி வாங்கினீங்க?”

அவர் பந்தல் பக்கம் திரும்பிக்கொண்டார். “வைகாசி.” கொஞ்சம் பொறுத்து, “என் அம்மா நாள் பாத்தாங்க.”

“இவங்களுக்கும் அம்மா இருக்காங்க சார்.”

சாக்பீஸ் விஷயத்துக்கு வந்ததும் மறுபடியும் கொதித்தார். “என் காசுல பந்தல் போட்டு, என் காசுல டிபன் போட்டு, என் செவுத்துல என் தப்ப நானே எழுதச் சொல்லணுமா? பத்திரிகைக்காரன் வேற வருவான்!”

இப்போது மேடம் சொன்னார். “சார், நாளைக்கு அவங்க சாவிய வாங்காமப் போனா, அதையும் அதே பத்திரிகைக்காரன்தான் எழுதுவான். எங்க ஆளு சொல்றது எனக்குச் சரின்னு படுது. இன்னிக்கு ரெண்டு மணிப் படமும் வேணாம், நாலு மணிக்கு நாங்க செய்தியும் அனுப்பல. நாளைக்கு நடக்கறதப் பாத்துட்டுத்தான் எழுதுவோம்.”

எங்க ஆளு என்றார். எனக்குக் கேட்டது.

பில்டர் கட்டடத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். “சொதப்பினா இதோட நம்ம பேச்சு முடிஞ்சுது” என்றார்.

பூந்தமல்லியில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் சிவப்புச் சாக்பீஸ் இருந்த எல்லாப் பெட்டியையும் வாங்கினேன். கடைக்காரர் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வர ஆரம்பித்தார்கள். அறுபத்து நான்கில் அறுபத்தொரு குடும்பம். நானே எண்ணினேன், மூன்று தடவை. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, மேடைமேல் சிவப்புத் துணி போர்த்திய மேசையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா மாமே, ஊசி போட வந்த மாதிரி ஒக்காந்துகினு கீறாங்க” என்று போட்டோகிராபர் என் காதில் சொன்னார். அவர் அன்று ஏழரைக்கே வந்துவிட்டார் என்பதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

பில்டர் மைக்கைப் பிடித்தார். நான் எழுதிக் கொடுத்ததைப் பார்க்காமல் அவராகப் பேசினார். “எல்லாரும் பயப்படாதீங்க. சாவி இன்னிக்கு இல்ல. தை மொத முகூர்த்தத்துல தர்றேன். மார்கழின்னு எனக்கு யாரும் சொல்லல, நானும் யோசிக்கல, மன்னிச்சுக்கங்க.” பந்தலில் ஒரு பெருமூச்சு கேட்டது. கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. “இன்னிக்கு உங்க கையில சாக்பீஸ் தர்றோம். உங்க வீட்டுக்குள்ள போங்க. எது சரியில்லையோ அங்க ஒரு பெருக்கல் குறி போடுங்க. உங்களுக்குச் சாவி தர்றதுக்குள்ள அது அங்க இருக்காது.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முன்வரிசையில் இருந்து ஆவடி அக்கா எழுந்தார். “சாக்பீஸக் குடுங்க தம்பி” என்று கையை நீட்டினார். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் படிக்கட்டில் ஏறிய செருப்புச் சத்தம்தான்.

அப்படி ஒரு காட்சியை எந்த விழாவிலும் நான் பார்த்ததில்லை. ஒரு வீட்டில் குளியலறையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, அது ஓட்டையை நோக்கி ஓடுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் தரையில் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று நாலு பேர் பின்னாலேயே போனார்கள். மாமியாருக்குப் பயந்த கம்ப்யூட்டர்காரர், அதே மாமியாரோடு வந்திருந்தார். அந்த அம்மா ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து மூடி, “இங்க போடுங்க மாப்ள, இங்க” என்று சொல்லச் சொல்ல அவர் குறி போட்டுக்கொண்டே போனார்.

மூன்றாவது மாடியில் ஆவடி அக்கா சமையலறையில் நின்றுகொண்டு சத்தம் போட்டார். “பில்டர் தம்பிய இங்க வரச் சொல்லுங்க!”

பில்டர் போனார். நானும் பின்னால் ஓடினேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்குச் சுவர் கறுத்திருந்தது. அக்கா அதைச் சுற்றி வட்டம் போட்டு, நடுவில் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார்.

“கைய வச்சுப் பாருங்க.”

அவர் கையை வைத்தார். ஈரம். “குழாய்ல கசிவு. ஒடைச்சு எடுத்து மாத்திடறேங்க.”

“வாயால சொன்னாப் போதுமா? இந்தாங்க, இதுலயே கையெழுத்துப் போடுங்க” என்று சாக்பீசை நீட்டினார்.

பில்டர் என்னைப் பார்த்தார். நான் சாக்பீசைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். முழங்கால் போட்டு உட்கார்ந்து, பெருக்கல் குறிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். போட்டோகிராபர் அவருக்கு முன்னால் தரையில் படுத்தே விட்டார். வெள்ளைச் சட்டை, சிவப்புச் சாக்பீஸ், ஈரச் சுவர், மேலே இடுப்பில் கைவைத்து நிற்கும் அக்கா. அந்த ஒரு படமே போதும்.

அது பரவிவிட்டது. “எங்க வீட்டுக்கும் கையெழுத்து!” என்று எல்லா மாடியிலிருந்தும் குரல். அறுபத்தொரு வீட்டிலும் அவர் ஏறி இறங்கிக் கையெழுத்துப் போட்டார். கடைசி வீட்டிலிருந்து வெளியே வந்தபோது சட்டை முழுக்கச் சிவப்பு. ஆனால் அவரைச் சுற்றி ஒரு கூட்டமே நடந்து வந்தது. யாரோ அவருக்கு மோர் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் தோளில் தட்டினார். இட்லி, பொங்கல், வடை ஒன்றும் மிச்சமில்லை.

நான் கீழே ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எழுதினேன். இங்கே சேர்ந்த பதினெட்டு வருடத்தில் நடந்து முடிந்த பிறகு நான் எழுதிய முதல் செய்தி. கண்ணீர் மல்க இல்லை, திரளான பொதுமக்கள் இல்லை. எலுமிச்சம்பழம் இருந்தது, மாமியார் இருந்தார், கையெழுத்து இருந்தது. மேடம் படித்துவிட்டு ஒரு வார்த்தைகூட மாற்றாமல் அனுப்பினார். மூன்று மணிக்கு ஒரு பத்திரிகையிலிருந்து போன். “இது நிஜமாவே நடந்துச்சா? இல்ல நீங்களா எழுதினதா?”

“நடந்துச்சு சார். பக்கத்துல நின்னு பாத்தேன்” என்றேன். குரல் நடுங்கவில்லை.

திங்கட்கிழமை, அந்தப் படத்தோடு, பக்கத்தின் மேல்பாதியில் வந்தது. அறுபத்தொரு குடும்பமும் அதை அவரவர் ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். அந்த வாரமே பில்டரின் அலுவலகத்துக்கு வீடு கேட்டு வந்தவர்களில் ஒருவர், “எங்களுக்கும் சாக்பீஸ் தருவீங்களா?” என்று கேட்டாராம். அதைச் சொல்லத்தான் பில்டர் முதலில் எனக்குப் போன் செய்தார், மேடத்துக்கு அல்ல. ஈரமும் விரிசலும் பெருமளவு சரியாகி, தை முதல் முகூர்த்தத்தில் அறுபத்து நான்கு குடும்பமும் சாவி வாங்கினார்கள். அன்று அக்கா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்ச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொன்னார். காய்ந்திருந்தது.

ஒரு வருட ஒப்பந்தம் அடுத்த வாரம் கையெழுத்தானது. மேடம் அதை என்னிடம் கொடுத்து, “நாலு பேரும் இருக்கோம்” என்று மட்டும் சொன்னார். நூம்பல், பில்டர் அடுத்துக் கட்டப்போகும் மாங்காடு, இரண்டு இடத்து வேலைக்கும் பொறுப்பு என் பெயரில் எழுதியிருந்தது. நான் வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவியிடம் காட்டினேன். அவள் என் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இனிமேலாவது தூங்குவீங்களா?” என்றாள். தூங்கினேன். ஒப்பந்தப்படி முன்பணம் அறுபதாயிரம். பில்டர் இதுவரை நாற்பத்தெட்டாயிரம் கொடுத்திருக்கிறார். இன்னும் வரவேண்டியது பன்னிரண்டாயிரம் ரூபாய். சீட்டு சொன்னபடி அதற்கு ஒரு தடவைதான் போன் செய்திருக்கிறேன்.